வெயிலுக்கு வந்த ரத்தக்காட்டேரி

எங்க அக்காவுக்கு வெயில் ஆகாது. மதுரையில பிறந்துட்டு இப்படி ஒரு உடம்பு வாய்ச்சா என்னத்தச் சொல்ல! அரை மணி நேரம் வெளிய நின்னாப் போதும், கையும் கழுத்தும் சிவந்து தடிச்சு ரெண்டு நாளைக்கு எரியும். டாக்டர் சொன்னது, மூடி மறைச்சுக்கிட்டுப் போகட்டும், ரொம்ப நேரம் வெயில்ல நிக்க வேணாம்னு மட்டும்தான். அந்தச் சொல் ஆஸ்பத்திரியிலேருந்து எங்க வீடு வந்து சேர்றதுக்குள்ள, வெயிலையே பார்க்கக் கூடாதுன்னு ஆயிருச்சு. பத்தாவதோட பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டாங்க. பன்னண்டாவதை வீட்டுல இருந்தே படிச்சா. பரீட்சைக்கு மட்டும் அப்பா ஆட்டோவுல ரெண்டு பக்கமும் அம்மா சேலையைத் திரையாக் கட்டிக் கூட்டிட்டுப் போனாரு.

தெற்கு மாசி வீதிக்குப் பக்கத்துச் சந்துல எங்க வீடு. அக்கா இருந்த அறையில மேற்கே பார்த்த ஒரே ஜன்னல், அதுக்கும் கருப்புப் போர்வை போட்டு மூடியிருந்துச்சு. போர்வையில ஒரு சின்னப் பொத்தல். மத்தியானத்துக்கு மேல அது வழியா ஒரு வெளிச்ச வட்டம் எதிர்ச் சுவத்துல விழும். அது எங்க விழுதுன்னு மாசா மாசம் அக்கா பென்சில்ல குறிச்சு வைப்பா. ஏன்க்கா இந்த வேண்டாத வேலைன்னு கேட்டா, "எனக்கு ஆகாதவன் எந்தப் பக்கம் போறான், வர்றான்னு தெரிஞ்சிருக்க வேணாமா"ம்பா.

நான் அப்ப எட்டாவது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடை உண்டு. அங்க ஒரு நாள், முன்னட்டை பின்னட்டை ரெண்டும் போன ஒரு குண்டுப் புத்தகம் கையில சிக்குச்சு. முழுக்கக் கருப்பு வெள்ளைப் படம், பேச்செல்லாம் இங்கிலீஷ். "ஜப்பான்காரன் படக்கதை பாப்பா, வெயில் பட்டாச் செத்துப் போற ரத்தக்காட்டேரிக் கதை, பயப்படமாட்டியே?"ன்னாரு கடைக்காரர். எங்களுக்கா பயம்? வீட்டுக்குள்ளயே ஒருத்தி பகல்ல வெளிய வராம இருக்கான்னு நெனச்சுக்கிட்டு வாங்கிட்டு வந்தேன். அக்காக்கிட்டயே அதைச் சொன்னேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. அம்மாதான், "விளக்கு வைக்கிற நேரத்துல அந்தக் கருமத்தை எடுத்துராதீக"ன்னுட்டாங்க.

அதனால சனி ஞாயிறு மத்தியானத்துலதான் படிப்போம். வெளிய தெருவே வெந்துக்கிட்டிருக்கும், ஒரு சத்தம் இருக்காது. உள்ள ஃபேன் மெதுவாச் சுத்தும். பாதி இருட்டு. ரெண்டு பேரும் பாயில குப்புறப் படுத்துக்கிட்டு ஒரு பக்கத்தைப் பத்து நிமிஷம் பார்ப்போம். கண்ணு சொக்கிரும். சில நாள் படத்துல பாதி, கனவுல பாதின்னு கதை ஓடும். அந்த மாளிகையோட மாடிப்படி எங்க வீட்டு மச்சுப்படி மாதிரியே எனக்குக் கனவுல வந்திருக்கு.

திறந்ததுமே ஒரு பொண்ணு. இருட்டு மாளிகை, வாயோரத்துல ரத்தம், பல் ரெண்டும் வெளிய நீட்டிக்கிட்டு. ஆத்தாடி! பக்க எண் நூத்தித் தொண்ணூத்திரண்டு. அடுத்ததுல நூத்தித் தொண்ணூத்தொண்ணு. இப்படிக் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. எனக்கு ஒண்ணும் விளங்கல.

"ராக்கெட் விடும்போது பின்னாலேருந்து எண்ணுவான்ல, அது மாதிரிடி. கடைசியில ஏதோ நடக்கப் போகுது"ன்னா அக்கா.

பதில் முதல்ல வரும், கேள்வி பின்னால வரும். வெளிநாட்டுக்காரனுக்கு எல்லாமே தலைகீழ்தான்னு நாங்களா ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டோம். போகப்போகப் பல் உள்ள போச்சு. ரத்தம் மறைஞ்சுச்சு. கழுத்துல இருந்த கடிவாய் ரெண்டும் மூடிக்கிருச்சு. மாளிகைக் கதவு திறந்துச்சு. கருப்புக் கோட்டுப் போட்ட ஒருத்தன் அவகிட்ட வழி கேட்டுட்டு, ரோட்டுல சின்னப் புள்ளியாப் போய்க் காணாமப் போயிட்டான். கடைசிப் பக்கம், எண் ஒண்ணு. உச்சி வெயில்ல ஒரு பூ வயல், தலையில தொப்பியோட அவ நிக்கிறா, அவ்வளவுதான். அடியில 'முதல் பாகம்'னு போட்டிருந்துச்சு. முதல் பாகம் முடிஞ்சுச்சு போலன்னு நெனச்சோம்.

அந்தப் பக்கத்தை அக்கா எம்புட்டு நேரம் பார்த்தான்னு சொன்னா நம்பமாட்டீங்க. சாப்பிடக் கூப்பிட்டாலும் வரல. "அவளே வெளிய வந்துட்டா. எனக்கு என்ன கேடு"ன்னா.

அதுக்கப்புறம்தான் நாகமலை புதுக்கோட்டை பக்கம் ஒரு காலேஜுக்கு, பி.ஏ. இங்கிலீஷுக்கு, அவளா அப்ளிகேஷன் போட்டா. வியாழக்கிழமை காலையில நேர்ல வரச் சொல்லி லெட்டர் வந்துச்சு. வீட்டுல ஒரே ரகளை. அப்பா கடைசியா ஒரு பேச்சுச் சொன்னாரு: "ஒரு நாள் போய்ப் பாரு. பாதியில பயந்து திரும்பிட்டேன்னா, இனி இந்த வீட்டுல காலேஜ் பேச்சே எடுக்கக் கூடாது." அக்கா சரின்னுட்டா.

எனக்குத்தான் பத்திக்கிட்டு வந்துச்சு. உள்ளதைச் சொல்லிடுறேன், பொறாமைதான். அந்த இருட்டு அறை எங்க ரெண்டு பேருக்கும் சொந்தம்னு நெனச்சிருந்தேன். இவ பாட்டுக்குக் கிளம்பிப் போனா நான் யாரோட படிப்பேன்? எந்நேரமும் காலேஜ், காலேஜ். நான் பேசுனா காதுல வாங்குறதில்ல.

அந்த வாரம்தான் என் வகுப்புல ஒருத்தி, சிங்கப்பூர்ல இருக்குற மாமா ஜப்பான் படக்கதைப் புத்தகம் நெறைய அனுப்புவாருன்னு பீத்திக்கிட்டிருந்தா. நானும் சும்மா இருக்காம நாங்க படிச்ச கதையை, எண் குறைஞ்சுக்கிட்டே வந்ததைச் சொன்னேன். அவ விழுந்து விழுந்து சிரிச்சா. "அடி கூறுகெட்டவளே, அதைப் பின்னாலேருந்துதான் படிக்கணும். ஜப்பான்ல அப்படித்தான்!"

எங்க வீட்டுல சௌராஷ்டிரம் பேசுவோம். சண்டைன்னா மட்டும் தமிழுக்கு வந்துருவோம், அதுலதான் சூடு பத்தும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்கா சுடிதாருக்குக் கை நீளமா வச்சுத் தச்சுக்கிட்டிருந்தா. என்னவோ கேட்டேன், தையல்லேருந்து தலையைத் தூக்கல. எனக்குக் கோபம் பொசுக்குனு வரும். தமிழ்ல கத்துனேன்.

"ரொம்பத்தான் ஆடாத. நம்ம கதையைத் தப்பாப் படிச்சிருக்கோம். அவ இருட்டுலேருந்து வெளிய வரல. வெயில்ல நின்னவ இருட்டுக்குள்ள போறா. வழி கேட்டவன்தான் அவளைக் கடிக்கிறான். அதான் கதை. போ, நீயும் போய்ப் பாரு!"

அக்கா ஊசியை அப்படியே துணியில குத்திட்டு, புத்தகத்தை எடுத்துக்கிட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா.

என் கோபம் வந்த வேகத்துலயே போயிரும். ஆனா சொன்ன சொல்லைப் போய்ப் பொறுக்கிட்டு வர முடியுமா? புதன்கிழமை முழுக்க அவ வெளியவே வரல. அறைக் கதவைச் சாத்திக்கிட்டா. அவ போகாம இருந்துட்டா அந்தப் பாவம் என்னைத்தான் சேரும்னு அன்னைக்குத் தெரிஞ்சுச்சு. கதவுக்கு வெளிய உக்காந்து, "அக்கா, மன்னிச்சுரு"ன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ. கதவு திறக்கல.

வியாழக்கிழமை காலையில கதவு திறந்துச்சு. நீளக் கை சுடிதார், காலுக்குச் சாக்ஸ், துப்பட்டாவால முகத்தைச் சுத்தி, கையில குடை. அப்பாவைப் பார்த்து, "போலாம்பா"ன்னா. நான் வயித்து வலின்னு பொய் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டுக் கூடவே ஒட்டிக்கிட்டேன்.

ஆரப்பாளையத்துல பஸ் ஏறுனதும் அப்பா, "வலது பக்கம் உக்காரும்மா, இப்ப அங்கதான் நிழலா இருக்கு"ன்னாரு.

"பஸ் திரும்புனா நிழல் மாறிரும்பா. இது ஆனி மாசம், சூரியன் வடக்க ஓடுது. மேக்க போகும்போது இடது பக்கம்தான் நிழல்."

இடது பக்கம் உக்காந்தோம். பஸ் திரும்பி மேக்க ஓட ஆரம்பிச்சதும் வலது பக்கத்து ஜனமெல்லாம் கையை நெத்தியில வச்சு மறைச்சுக்கிட்டாங்க. எங்க பக்கம் குளுகுளுன்னு இருந்துச்சு.

அப்ப அக்கா பையிலேருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து என் மடியில போட்டா. திறந்தேன். மாளிகை, ரத்தம், பல். அந்தப் பக்கத்துல அச்சடிச்ச எண்ணை நீல மையால அடிச்சுட்டு, அவ கையெழுத்துல 'ஒண்ணு'ன்னு எண் போட்டிருந்தா. அடுத்தது ரெண்டு, அப்புறம் மூணு. ஒரு பக்கம் விடல. புதன்கிழமை முழுக்க உள்ள இதைத்தான் செஞ்சுக்கிட்டு இருந்திருக்கா. கடைசியில அந்தப் பூ வயல். ஒண்ணுங்கிற எண்ணை அடிச்சுட்டு நூத்தித் தொண்ணூத்திரண்டுன்னு போட்டிருந்தா. நான் அவளைப் பார்த்தேன். அவ ஜன்னலுக்கு வெளிய நாகமலையைப் பார்த்துக்கிட்டிருந்தா.

காலேஜ் வாசல்லேருந்து ஆபீசுக்கு ஒரு நீள ரோடு. ரெண்டு வேப்ப மரத்துக்கு நடுவுல நல்ல தூரம், ஒரு பொட்டு நிழல் கிடையாது. குடையை விரிச்சுக்கிட்டு அக்கா முன்னால நடந்தா. பாதி வழியில நின்னுட்டா. அப்பா முகம் மாறிப் போச்சு. திரும்பிருவான்னு நெனச்சாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

அவ குடையை மடக்குனா. முகத்துலேருந்து துப்பட்டாவை எடுத்தா. கண்ணை மூடிக்கிட்டு, பத்து எண்ணுற நேரம், வெயில்ல அண்ணாந்து நின்னா. "ஏய், குடையை விரிம்மா!"ன்னு அப்பா பதறிக்கிட்டு ஓடுனாரு.

அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "நூத்தித் தொண்ணூத்திரண்டு"ன்னா. அப்புறம் குடையை விரிச்சுக்கிட்டு எங்களுக்கு முன்னால நடந்து போயிட்டா.

அப்பாவுக்கு ஒண்ணும் புரியல. நான் நடு ரோட்டுல நின்னு ஓன்னு அழுதேன்.