வெந்நீர் அடுப்பில் போன ஓலைகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் புதுக்கடைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பழைய ஓலை எழுத்தை எனக்கும் பழக்கியிருந்தார். அதனால் மாமனாருக்கு என்மேல் பெருமை. விருந்தாளி யார் வந்தாலும் மச்சிலிருந்து ஓலைக்கட்டை இறக்கச் சொல்வார்.

“வாசிச்சுக் காட்டு மக்கா. நம்ம குடும்பத்துல எத்தனை அடிமை கெடந்துன்னு இவங்களும் கேக்கட்டு.”

அடிமை வாங்கிய ஓலை, விற்ற ஓலை, அண்ணன் தம்பிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள் என்று எல்லாம் ஒரே கட்டில் இருந்தன. ஒரு கடிதம் மாமனாரின் தாத்தா தன் தம்பிக்கு எழுதியது. கடற்கரை ஊரான இனயத்துக்காரர் ஒருவர் அடிமைப் பெண்ணை மட்டும் விலைக்குக் கேட்கிறார், அவளுடைய பால்குடி மாறாத பையன் வேண்டாமாம், பையன் நம் தோப்பிலேயே வளரட்டும், அவன் இரவெல்லாம் அழுவதால் தொழுவத்துக்கு மாற்றியிருக்கிறேன் என்று எழுதியிருந்தார். அடுத்த வரியில் மாட்டுக்கு வைக்கோல் கேட்டிருந்தார்.

அதை வாசித்து முடித்ததும் ஒரு விருந்தாளி, “அந்தக் காலத்து ஆளுவளுக்கு என்னா கணக்கு!” என்று தொடையில் தட்டிச் சிரித்தார். நான் ஓலையைக் கட்டுக்குள் செருகினேன். மாமனார் அவருக்கு வெற்றிலை நீட்டினார்.

தோப்பில் தேங்காய் வெட்ட ஒரு கிழவர் இருந்தார். குடிசையும் தோப்பின் ஓரத்தில்தான். மிஷன் சபையில் சேர்ந்திருந்தார். ஒருநாள் முற்றத்துக்கு வெளியே வந்து நின்றார்.

“ஏமானே, சபையில ஒவ்வொரு குடும்பத்துக்க முன்னோரு பேரும் எழுதுதாவ. எனக்க அப்பனப் பெத்த தள்ளைக்க பேரு தெரியேல்ல. இங்க ஓலையில காணும்ணு பறஞ்சாவ. ஒண்ணு பாத்துச் சொன்னா போரும்.”

மாமனார் முகம் மாறிவிட்டது. “ஞாயிறாச்ச வா, பாப்போம்” என்று அனுப்பிவிட்டு என் கணவரிடம் திரும்பினார். “இன்னிக்குப் பேரு கேக்கான். நாளைக்கு, என் பாட்டி காலத்துலயே இங்கதான் கெடந்தோம், குடிசை நிலம் எனக்குன்னு கோர்ட்டுல நிப்பான்.”

மறுநாள் காலையில் குளிப்பதற்கு வெந்நீர் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். மாமனாரே ஓலைக்கட்டை எடுத்துவந்து அடுப்புக்குள் தள்ளினார். காய்ந்த ஓலை படபடவென்று பற்றியது. “மாமா, அது...” என்றேன். “நீ உனக்க வேலையப் பாரு” என்றார். அந்த வெந்நீரிலேயே எண்ணெய் தேய்த்துக் குளித்து, நெற்றியில் பட்டை போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். அன்று அவருக்கு மீன்குழம்பு ருசியாக இருந்ததாம்.

ஞாயிற்றுக்கிழமை கிழவர் வந்தார். “எல்லாம் கறையான் தின்னு போச்சுலே” என்றார் மாமனார், கண்ணிமைக்காமல். கிழவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பின்வாசல் வழியாகப் போய் அவரைத் தென்னை மறைவில் நிறுத்தினேன்.

“பாட்டா, அந்த ஓலைய நான் வாசிச்சிருக்கேன். அதுல பேரே இல்ல. கறுத்த பெண் ஒண்ணு, பையன் ஒண்ணுன்னுதான் கெடந்து. இந்தத் தோப்புலயே வளந்த அந்தப் பையன்தான் உங்க அப்பனா இருக்கணும். அம்மைய இனயத்துக்கு வித்துட்டாவ.”



“அவ செத்துப் போனதாட்டுதானே அப்பன்கிட்ட சொல்லி வளத்தாவ,” என்றார் அவர். “இனயமா கொச்சம்மே? மீன் வாங்க அப்பனும் நானும் எத்தற தடவ போயிருக்கோம். விடியப் போனா உச்சிக்குள்ள வந்துரலாமே.”

மறுவாரம் அவர் இனயத்துக்குப் போய் வீடு வீடாக விசாரித்தாராம். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பேர் இல்லாவிட்டால் வேதத்திலிருந்து நல்ல பேராக ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்று சபையில் சொன்னார்களாம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ‘இனயத்துக்கு விற்கப்பட்டவள்’ என்றே எழுதவைத்துவிட்டார்.

விஷயம் வீட்டுக்கு எட்டியது. “குடும்ப மானத்தக் கெடுத்துட்டான்” என்று மாமனார் குதித்தார். அதே வாயால்தான் அத்தனை விருந்தாளிகளிடமும் பெருமையடித்தார். அந்த மாதமே குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். கிழவர் பிள்ளைகளோடு களியக்காவிளைக்குப் போய்ச் சந்தையில் சுமை தூக்கப் போனார் என்று கேள்விப்பட்டேன்.

குடிசை இருந்த இடத்தில் தென்னம்பிள்ளை நட நல்ல நாள் பார்த்தார்கள். அன்று எல்லோருக்கும் பாயசம் பரிமாறச் சொன்னார் மாமனார். பரிமாறினேன். என் இலையில் மட்டும் ஊற்றிக்கொள்ளவில்லை.