முதல் அடிக்கு நாங்கள் சிரித்தோம்

மார்ச் மாதத்துச் சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணி. மேடையில் பகிடி சொல்லிப் பேரெடுத்த கொரிய அமெரிக்கர் ஒருவர், மொன்றியல் புத்தகக்கடையொன்றில் தன் முதல் நாவலை வாசிக்க வந்திருந்தார். தகப்பன் தன்னை பெல்ட்டால் விளாசிய கதை. "இன்றைக்கு மட்டும் சிரிக்காதீர்கள்" என்று கேட்டுவிட்டே தொடங்கினார்.

இரண்டாம் பக்கத்தில், முன்வரிசையில் இருந்த குடிகாரன் ஒருவன் கத்தினான்: "அழுகை போதும், பகிடி சொல்லு!"

மேடைப் பழக்கம் அவரை விடவில்லை. "உன் முகம் இருக்கும்போது பகிடி எதற்கு?" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

குடிகாரன் எழுந்துபோய் ஒலிவாங்கியின் இரும்புத் தண்டைப் பிடுங்கி அவர் வாயில் அடித்தான். முன்பே பேசிவைத்த நடிப்பென்று நினைத்து இன்னும் பலமாகச் சிரித்தோம். எதையும் நேரத்தோடு குறித்துவைக்கும் என் வழக்கப்படி, "4.25, பெருஞ்சிரிப்பு" என்று கொப்பியில் எழுதினேன். அதற்குள் அடுத்த அடி விழுந்தது.

பக்கத்திலிருந்த நண்பர் என் கையைப் பிடித்தார். "அண்ணை, நடிப்பில்லை. பல்லு விழுந்திட்டுது."

நாலு பேர் சேர்ந்து அவனை நிலத்தில் அமுக்கினார்கள். எழுத்தாளர் வாயில் வழிந்த இரத்தத்தைச் சட்டைக்கையால் துடைத்தார். நாவலை எடுத்து, விட்ட வரியிலிருந்து குழறிக் குழறி வாசித்தார். அம்புலன்ஸ் வரும்வரை வாசித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.