மெயினை அணைத்தது யார்?

“ஊட்டுல மொதல்ல படிச்ச புள்ளைங்கறீங்க, சரி. கம்ப்யூட்டரைக் கெடுத்துப்போடாதீங்க அம்மணி,” என்றார் கணபதிப் பகுதியில் நான் வேலை செய்யும் லேத் பட்டறை முதலாளி. அந்தக் கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட்டது நான்தான்.

ஒருநாள் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாப்பாட்டு மணி அடித்தது. மணி அடித்ததும் மெயின் சுவிட்சை அணைப்பது பட்டறை வழக்கம். கைப்பழக்கத்தில் அணைத்துவிட்டேன். மறுபடி போட்டால் கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகள். மூன்று மணிக்குள் கடைசல் முடிக்க வேண்டிய உருளையின் வரைபடம் அதற்குள்தான் இருந்தது.

போனில், புதியவர்களுக்கான லினக்ஸ் உதவிக் குழுவில், “தானாக நின்றுவிட்டது” என்று எழுதினேன். கௌரவம் விடவில்லை. கணினியின் வட்டில் இடமில்லையோ என்று ஆளாளுக்குத் தேடவைத்தார்கள். அரை மணி நேரம் போனது.

பெருந்துறையிலிருந்து ஓர் அக்கா கேட்டார்: “ஏனுங்க கண்ணு, நடுவுல கரன்ட் போச்சுங்களா? மறைக்காதீங்க. நானே ஒருக்கா பிளக்கைப் புடுங்கிப்போட்டு அழுதவதான்.”

“நான்தானுங்க அணைச்சேன்” என்று அனுப்பினேன்.

உடனே ஒரு வரிக் கட்டளை வந்தது. அதை அடித்ததும், பாதியில் நின்ற அப்டேட் தொடர்ந்து ஓடி முடிந்தது. வரைபடம் திறந்தது.

தெரியாததைக் கேட்க நான் என்றும் கூசியதில்லை. செய்ததைச் சொல்லத்தான் கூசியிருக்கிறேன். அன்று மாலையே முதலாளியிடம் நடந்ததைச் சொல்லி, கணினிக்கு ஒரு யூபிஎஸ்ஸும் கேட்டுவிட்டேன்.