மார்பில் வீக்கம், ஊரில் பேச்சு

சில வருடங்களுக்கு முன், திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் ஊர் வயல்களின் குறுக்கே எரிவாயுக் குழாய் பதிக்க ஒரு கம்பெனி வந்த சமயத்தில் நடந்தது இது. நட்டு வேர் பிடித்திருந்த சம்பாப் பயிரின் மேலேயே பொக்லைனை இறக்கினார்கள். ஊர் திரண்டு வயலோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தது. முதலில் போய் உட்கார்ந்தவர் என் கணவர். அவருடைய அப்பா கூலிக்கு நடவு பார்த்து, பின்னால் பட்டா வாங்கிய நிலமும் அந்தக் குழாய்ப் பாதையில்தான் இருந்தது.

அதற்கு முந்தைய வருடம் அவருக்குத் தலையில் ஆபரேஷன் நடந்திருந்தது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு கட்டி. அதை எடுத்த பிறகு உடம்பில் ஆண் ஹார்மோன் சுரப்பது நின்றுபோனதால், டெஸ்டோஸ்டிரோன் ஊசி எழுதிக் கொடுத்தார்கள். ஊசி போட ஆரம்பித்ததும் சோர்வெல்லாம் போய்ப் பழைய ஆளாகிவிட்டார். நானும் நிம்மதியாகப் பள்ளிக்கூட வேலைக்குப் போய் வந்தேன்.

போராட்டம் சூடுபிடித்திருந்த நேரத்தில் திடீரென்று பந்தலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். கேட்டால், "வேலை கெடக்கு" என்பார். வேலையும் பார்க்கவில்லை. கட்டிலிலேயே கிடந்தார். எந்தப் புழுக்கத்திலும் சட்டையைக் கழற்றுவதில்லை. என்னிடம்கூடப் பேச்சு குறைந்துவிட்டது.

ஊர் சும்மா இருக்குமா? பந்தலில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பங்காளி ஒருவர், கடைத்தெருவில் என் காதுபடவே சொன்னார்: "கம்பெனிக்காரன் கவனிச்சிருப்பான். அதான் ஆளு படுத்துட்டாரு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகவே கேட்டேன். "ஊர்ல பேசுறது நெசமாங்க?"

அவர் கோபப்படவில்லை. எழுந்து உட்கார முயன்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தார். பிறகு மெதுவாகச் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். மார்பு இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது.

"தொட்டாலே வலிக்குது. இத வச்சிக்கிட்டு நாலு ஆம்பளைங்க மத்தியில எப்படிப் போயி உக்கார்றது?"

அப்புறம்தான் மிச்சக் கதை வந்தது. டவுனில் ஜிம் வைத்திருக்கும் ஒருவரிடம் பொதுவாகக் கேட்பதுபோல் விசாரித்திருக்கிறார். போடுகிற ஊசியில் கொஞ்சம் பெண் ஹார்மோனாக மாறிவிடும், அதை அடியோடு இறக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி அவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். இவர் சீக்கிரம் குறையட்டும் என்று கூடுதலாகவே விழுங்கியிருக்கிறார். வீக்கம் அப்படியே இருக்க, மூட்டுக்கு மூட்டு வலி பிடித்துக்கொண்டது. மனசும் எதிலும் ஒட்டவில்லை.

"பந்தல்ல தரையில உக்காந்தா எந்திரிக்க முடியல. ரெண்டு பேரு தூக்கிவிட்டா, என்னா ஏதுன்னு கேப்பாங்கள்ல?"

மறுநாளே லீவு போட்டு, தஞ்சாவூரில் ஹார்மோன் டாக்டரிடம் அழைத்துப் போனேன். உள்ளே இருந்தது ஒரு பெண் டாக்டர். இவர் முட்டிவலி என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மற்றதை நான் சொன்னேன். டாக்டர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி, முடிவு வந்ததும் கூப்பிட்டார்.

"ஈஸ்ட்ரோஜனுக்குப் பெண் ஹார்மோன்னு பேரு வந்துடுச்சு சார். ஆம்பளைக்கும் அது வேணும். எலும்பு, மூட்டு, மனசு எல்லாத்துக்கும் வேணும். நீங்க அதத் தரைமட்டமா இறக்கிட்டீங்க. இந்த மாத்திரைய நாங்களும் சிலருக்குக் குடுப்போம், ரத்தத்துல அளவு பாத்துத்தான். இப்படியே இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா எலும்பு பலம் இழந்திருக்கும்."

மாத்திரையை நிறுத்தச் சொன்னார். மொத்தமாகப் போட்டுவந்த ஊசியைப் பிரித்து, குறைந்த அளவில் அடிக்கடி போடும்படி மாற்றினார். வயிற்றுச் சதையைக் குறைக்கவும், அவ்வப்போது ரத்தம் பார்க்கவும் சொன்னார். மூட்டுவலி கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. மார்பில் வலி போய் வீக்கமும் ஓரளவு வற்றியது. மிச்சத்தை வேண்டுமானால் ஆபரேஷனில் எடுக்கலாம் என்றார் டாக்டர். இவர் வேண்டாம் என்றுவிட்டார்.

நடக்கத் தெம்பு வந்ததும் பந்தலுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. அந்தப் பங்காளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கணவர் நின்றபடியே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"எனக்கு ஆம்பள ஹார்மோன் ஊசி போட்டுக்கிட்டிருக்காங்க. அதுல மாரு வீங்கிப்போச்சு. வெக்கப்பட்டு யாருட்டயும் சொல்லாம கண்ட மாத்திரையத் தின்னேன். முட்டி போச்சு. அதான் வரல. வேற ஒண்ணுமில்ல."

யாராவது சிரித்துவிடுவார்களோ என்று பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பங்காளி எழுந்து போய், மைக்செட் வைத்திருந்த நாற்காலியைக் காலி பண்ணிக் கொண்டுவந்து போட்டார். "கீழ உக்காராதீங்கண்ணே" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து அதே பங்காளி காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றார். தஞ்சாவூர் டாக்டர் முகவரி வேண்டுமாம். "மச்சானுக்குத்தான் கேக்குறேன்" என்றார். யாருக்கு என்று நாங்கள் கிளறவில்லை. எழுதிக் கொடுத்தார் இவர்.

குழாய் கடைசியில் எங்கள் நிலத்தின் ஒரு மூலையைத் தொட்டுக்கொண்டு போய்விட்டது. அந்த வருத்தம் இன்றும் உண்டு. ஆனால் போராட்டத்தில் போலீஸ் வேனில் ஏறக்கூடத் தயங்காத ஒரு மனிதர், தன் உடம்பைப் பற்றி எனக்கே தெரியாமல் அத்தனை நாள் பயந்துகிடந்தார் என்பதை நினைத்து, இப்போதெல்லாம் வீட்டில் யார் பேச்சைக் குறைத்துக்கொண்டாலும், நானே ஒரு முடிவுக்கு வருவதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து, "உடம்புக்கு என்னா?" என்று கேட்டுவிடுகிறேன்.