வட்டியே வாங்காத இசக்கிமுத்து

பாண்டிபஜார்ல ஜவுளிக்கடை வச்சிருந்த இசக்கிமுத்து அண்ணாச்சி பெத்த தாயையும் சந்தேகப்படுவாரு. நான் அவருக்குக் கணக்கு எழுதினவன். தினம் சாயங்காலம் என் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துட்டுத்தான் வீட்டுக்கு விடுவாரு. அவ்வளவு நம்பிக்கை!

துணி விக்கிறதோட பணத்தை வட்டிக்கும் விடுவாரு. வட்டியை முதல்லயே பிடிச்சுக்கிடுவாரு, சீட்டுல மட்டும் ‘கைமாத்து’ன்னு எழுதச் சொல்லுவாரு. வரிக்காரனுக்கு மூக்குல வேர்த்துருமாம். கடன் வாங்குறவன்கிட்ட, “எவன் கேட்டாலும் வட்டி இல்லன்னு சொல்லணும், என்னவே?”ன்னு சத்தியமும் வாங்கிக்கிடுவாரு.

நாப்பத்திரெண்டுல ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பட்டணமே காலியாச்சு. கடன் வாங்கினவங்களும் சொல்லாம கொள்ளாம ஓடிட்டாங்க. நாலாயிரம் ரூபா அம்போ! அந்த நஷ்டத்தை வருமானத்துல கழிக்கலன்னா, வரி கட்ட மக தங்கத்தோட கல்யாண நகையைத்தான் விக்கணும்.

வரி ஆபீசர் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தாரு. “தெரிஞ்சவாளுக்குக் கைமாத்து குடுத்தா அது உம்ம சொந்த விவகாரம். வட்டிக்கு விடறது தொழில்னு நிரூபிச்சா கழிக்கறேன். கடன் வாங்கின யாரையாவது அழைச்சுண்டு வாரும்.”

ஊர்ல மிஞ்சினது மயிலாப்பூர் தையல்காரர் காதர் பாய் மட்டும்தான். “விஷயத்தைச் சொல்லிக் கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி”ன்னேன்.

“கூறுகெட்டவனே! சொன்னா சாட்சிக்குக் கூலி கேப்பான். நீயும் அவனும் பங்கு பேசிட்டியளோ?”

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எக்கேடும் கெடட்டும்னு வாயை மூடிக்கிட்டேன்.

ஆபீசுல, “வட்டி குடுத்தீரா?”ன்னு கேட்டாங்க. காதர் பாய் அண்ணாச்சியைப் பார்த்தாரு. இவரு ‘சொல்லு, சொல்லு’ன்னு தலையை ஆட்டுதாரு. பாய் நிமிர்ந்து நின்னாரு.

“வட்டியா? ஒரு தம்பிடி வாங்கல சார். பழகின பழக்கத்துக்குக் குடுத்தாரு. தர்மப்பிரபு!”

ஆபீசர் அதை அப்படியே எழுதிக்கிட்டாரு. அண்ணாச்சி “இல்ல, வாங்கினேன், வாங்கினேன்”னு கத்தினது யார் காதுலயும் ஏறல.

வெளிய வந்ததும் பாய் அவர் கையைப் பிடிச்சாரு. “இன்னா அண்ணாச்சி, மூஞ்சி இப்படிக் கீது? உங்களுக்குக் குடுத்த சத்தியத்த மறப்பேனா? சர்க்கார் கேட்டா மட்டும் காட்டிக் குடுத்துருவேனா?”

பாவம், அந்த மனுசனை என்னன்னு திட்ட?

மறுநாள் நகைப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு நானும் அவர்கூட சேட்டுக் கடைக்குப் போனேன். தங்கம் வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா. வித்துட்டுத் திரும்பினதும் அண்ணாச்சி என் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தாரு.