ஒன்னா ரெண்டா சார் வாங்கிய மல்டி டூல்

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவருக்கு அந்தத் தெருவில் ஒன்னா ரெண்டா சார் என்று பெயர். "ஒன்னு நல்லாத் தெரியுதா, ரெண்டா?" என்று கேட்டே ஆயுசில் பாதியைக் கழித்தவர். "மொதல்ல காட்டினத இன்னொரு தடவ காட்டுங்க" என்பவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் சொந்த வீட்டில் அவர் எதையும் தேர்ந்தெடுத்ததில்லை. ஆணி அடிப்பது, குழாய்க்கு வாஷர் மாற்றுவது எல்லாம் மனைவிதான். சார் டார்ச் பிடிப்பார், அதையும் வேறெங்கோ காட்டுவார்.

அந்த மனைவி முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். மறுநாள் வாக்கரோடு வீட்டுக்கு வருகிறார். குளியலறை வாசலில் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு மரக்கட்டை நிலையோடு சேர்த்துக் குறுக்கே பதித்திருந்தது. வாக்கர் அதில் ஏறாது. "என்னை யாரும் தூக்கிட்டுப் போகக் கூடாது, நீங்களும்தான். அதுக்கு நான் இங்கயே இருந்துக்கறேன்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

தச்சரோ அடுத்த வாரம்தான் என்று கையை விரித்துவிட்டார். "நீங்களே அறுத்துடலாம் சார். மல்டி டூல் ஒன்னு வாங்குங்க. பிளேடு சுத்தாது, இப்படியும் அப்படியும் துடிக்கும். மூலையில கூட ஒட்டி அறுக்கும்" என்றார் போனில்.

ஹார்டுவேர் கடைக்காரர் பேட்டரியில் ஓடுவது ஒன்று, வயர் வைத்தது ஒன்று என்று எடுத்து வைத்தார். சார் இரண்டையும் ஓடவிடச் சொன்னார். பிறகு கூச்சமே இல்லாமல், "மொதல்ல காட்டினத இன்னொரு தடவ காட்டுங்க" என்றார்.

கடைக்காரர் போன மாதம்தான் சாரிடம் கண்ணைக் காட்டிவிட்டு வந்தவர். "ஒன்னு நல்லாருக்கா சார், ரெண்டா?" என்றார், முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு.

"நக்கலா?"

"வருஷத்துக்கு எத்தன தடவ எடுப்பீங்க?"

"ரெண்டு மூணு தடவ எடுத்தா அதிகம்."

"அப்ப வயர் வச்சதே போதும். சும்மாவே கிடக்கற பேட்டரி, வேணுங்கற அன்னைக்குக் கால வாரிடும். யாரு பிடிக்கப் போறது?"

"இன்னைக்கு மட்டும் நான். அப்புறம் வீட்டம்மா."

சொன்ன பிறகுதான் சாருக்கு உறைத்தது. இனி தரையில் உட்கார்ந்து வேலை செய்வதெல்லாம் கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருந்தும் வயர் வைத்ததில் இன்னும் இரண்டு ரகங்களை ஓடவிட்டுப் பிடித்துப் பார்த்தார். அதிர்வு குறைவாக, பிடி ஒல்லியாக, சாவி போட்டுத் திருகாமல் நெம்பினாலே பிளேடு கழல்கிற ஒன்றை எடுத்துக்கொண்டார். அதுதான் மனைவியின் கைக்கு அடங்கும். யாரையும் கேட்காமல் எடுத்த முடிவு அது.

வீட்டில், கட்டையின் இரண்டு முனையிலும் லென்ஸில் குறி வைக்கிற பேனாவால் கோடு போட்டார். மயிரிழை பிசகாத கோடு. மரத்தூள் பட்டுவிடுமே என்று தன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டினார். அதில் பவர் இல்லை. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிறவர் குத்துமதிப்பாக அறுத்து முடித்த பிறகுதான் அதைக் கண்டுபிடித்தார். கட்டை பெயர்ந்து வந்துவிட்டது. ஆனால் இடது பக்கம் ஒரே கோணல்.

மறுநாள் மனைவி வந்ததும் வாக்கர் நேரே குளியலறை வாசலில் போய் நின்றது. கோணலைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். வாக்கர் தடங்கலில்லாமல் உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்டது.

சார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சந்தோஷமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"என்னங்க, கண்ணாடி போடாமத்தான அறுத்தீங்க?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"ஆமா."

"இடது பக்கம் சிலாம்பு நீட்டிக்கிட்டிருக்கு, யார் காலையாவது கிழிச்சிடும். நாலு நாள் போகட்டும், இங்க ஒரு நாற்காலி போட்டு அந்த மிஷின்ல உப்புத்தாள மாட்டிக் குடுங்க. நான் தேச்சுடறேன். நீங்க டார்ச்ச மட்டும் ஒழுங்காப் பிடிங்க."