நல்லா இருங்கம்மா

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து அந்தச் சிற்றூர்க் கல்லூரியில் லோர்னாவின் வேலை ஊர் வாயில் விழுகிற வேலை. மாணவ வீரர்கள் விளம்பரத்தில் நடித்துச் சம்பாதிக்கலாம். ஆனால் அது விளம்பரத்துக்கான கூலிதானா, ஆட்டக்காரனை வளைத்துப்போடும் பணமா என்று அவள்தான் பார்க்க வேண்டும்.

கல்லூரி அணியின் வெறியரான மெத்தைக் கடைக்காரர் ஹோலிஸ், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து வீரன் ஜகோரிக்கு அள்ளிக் கொடுக்க முன்வந்தார். விளம்பரம் எங்கே என்று கேட்டாள்.

"எங்க மெத்தையிலதானே தூங்கறான்? அப்புறம் என்ன?"

"தூங்கறதுக்கெல்லாம் யாருங்க சம்பளம் குடுப்பாங்க?"

லோர்னா மறுத்தாள். ஜகோரி பக்கத்து மாநிலக் கல்லூரிக்குப் போய்விட்டான். அங்கேயும் இதே விதிதான், கேட்கத்தான் நாதியில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் ஹோலிஸின் மனைவி லோர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருங்கம்மா, நல்லா இருங்க" என்று சிரித்தாள். அந்த ஊரில் அதைவிடக் கொடிய சாபம் கிடையாது.

மறு வருடம் ஜகோரி எதிரணிச் சட்டையில் இங்கே ஆட வந்தான். பந்தை மார்போடு அணைத்து ஓடி, எல்லைக்கோட்டைத் தாண்டி, வெற்றிப் புள்ளியோடு ஆட்டத்தை முடித்தான். பக்கத்து வரிசைகளெல்லாம் திரும்பி லோர்னாவைத்தான் முறைத்தன.

அவள் அழுதுகொண்டிருந்தாள். தோற்றது அவளுடைய அணியும்தான் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.